டொரங்கா காத்த வாரச்சந்தை

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள பேரூராட்சிகளில் ஒன்றில், பொதுமக்களின் நீண்டநாள் கோரிக்கையை ஏற்று, ஒரு வாரச்சந்தை வளாகம் கட்டி முடிக்கப்பட்டது. எந்தப் பேரூராட்சி என்று கேட்காதீர்கள். சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறார்கள். சிலருக்குப் பதவி உயர்வும் வந்திருக்கிறது. கோரிக்கைதான் நீண்டநாளாக இருந்தது. கட்டி முடிக்க அதிக நாள் ஆகவில்லை. ஒப்பந்ததாரர் பொன்னழகு சுறுசுறுப்பானவர். சிமெண்ட் வந்து சேரட்டும் என்று வேலையை நிறுத்தி வைக்கிற வழக்கமே அவரிடம் கிடையாது.

ரிப்பன் வெட்டி, கல்வெட்டில் பெயர் போட்ட அத்தனை பேரும் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த சந்தைக்குள் கூரையில் ஒரு விரிசல் தோன்றியது. அதை முதலில் பார்த்தவள் பெருமாயி. அகரத்திலிருந்து கத்திரிக்காயும் தக்காளியும் கொண்டுவந்து விற்கிறவள். நேராகப் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய்ச் செயல் அலுவலர் அழகுராஜாவின் மேசை முன்னால் நின்றாள்.

"ஐயா, கூரையில இருந்து காரை விழுகுது. போன வாரம் எந்தலையில விழுந்துச்சு. இந்த வாரம் தக்காளியில விழுந்துருச்சு."

"தலையில விழுந்தப்பவே வந்து சொல்லியிருக்கலாம்லக்கா?"

"தலைன்னா தட்டி விட்டுக்கிரலாம். தக்காளியில மண்ணு விழுந்தா எவன் வாங்குவான்?"

அழகுராஜா போய்ப் பார்த்தார். ஒரு தூணில் தொடங்கி அடுத்த தூண்வரை கூரையில் கோடு ஓடியிருந்தது. உடனே பொன்னழகுவை வரவழைத்தார். பொன்னழகு அண்ணாந்து பார்த்தார். தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இது விரிசல் இல்ல சார். கட்டடம் மூச்சு விடுது."

"மூச்சா?"

"புதுக் கட்டடம்ல? பெறந்த புள்ள மாதிரி. மொதல்ல கொஞ்சம் இழுக்கத்தேன் செய்யும்."

"பெறந்த புள்ள தலையில விழுகாதுய்யா."

பொன்னழகு அதை மறுக்கவில்லை. அழகுராஜா கூரைக்கடியிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். 'கூரையின் மேல் ஏறி நேரில் ஆய்வு செய்யப்பட்டது, திருப்திகரமாக உள்ளது' என்று கையெழுத்துப் போட்டிருந்தது அவர்தான். அன்றைக்கு ஏணி கிடைக்கவில்லை. ஏணி கிடைக்கவில்லை என்பதற்காக அரசுப் பணி தேங்கக் கூடாது என்று கீழே நின்றே திருப்தி அடைந்திருந்தார். இப்போது மண்டலத் தரக்கட்டுப்பாட்டு அலுவலர் நாச்சிமுத்து ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்திருந்தது. நாச்சிமுத்து ஒட்டன்சத்திரத்துப் பக்கம். குரலை உயர்த்த மாட்டார், "ங்க" போட்டு மரியாதையாகப் பேசியே ஆளைச் சஸ்பெண்ட் செய்துவிடுவார். அவர் வந்து போன ஊர்களில் வேலை போனவர்கள் சேர்ந்து ஒரு சங்கமே நடத்தலாம் என்று பேச்சு.

இந்த இடத்தில் அழகுராஜாவின் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லஞ்சம், சீட்டு, சின்ன வீடு என்று கௌரவமான ரகசியமாக இருந்தால் சொல்லத் தயக்கமிருக்காது. இது கொஞ்சம் கேவலம். அவர் வேற்றுக்கோள் அரக்கன் படங்களின் ரசிகர். அதிலும் கோடிகளைக் கொட்டி எடுத்த படங்கள் ஆகாது. நாகல் நகரில் கல்யாண வீடியோ எடுக்கிற ரொனால்டு, முகூர்த்தமில்லாத மாதங்களில் மச்சினனை வைத்து எடுத்து இணையத்தில் ஏற்றுகிற படங்கள்தான் அவருக்கு உயிர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் குடிநீர்க் குழாய் கோப்பைத் திறந்து நிறுத்தி, அதன் மறைவில் செல்போனை வைத்துக்கொண்டு பார்ப்பார்.

ரொனால்டு படத்தின் அரக்கன் பெயர் டொரங்கா. உடம்பு சாக்குப்பை. கைகள் சைக்கிள் டியூப். கண்கள் டிபன் பாக்ஸ் மூடிகள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அது வந்து இறங்குகிற விண்கப்பல், வாடகைக்கு எடுத்த பிரியாணி அண்டாவின் மூடி. கப்பல் சாய்ந்து திரும்பும்போது அதன் அடிப்பக்கத்தில் 'அல்போன்சா பாத்திரக் கடை' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருப்பது தெரியும். டொரங்கா கையில் வாட்ச் கட்டியிருக்கும். உள்ளே நடிக்கிற மச்சினன் சிலுவைமுத்துவுக்கு அது கல்யாணத்துக்குப் போட்ட வாட்ச். எந்தக் கோளிலிருந்து வந்தாலும் கழற்ற மாட்டான். எல்லாவற்றுக்கும் மேலாக, டொரங்கா திரும்பி நடந்தால் முதுகில் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரு ஜிப் பளபளக்கும். அந்த ஜிப் வருகிற இடத்தில்தான் ரசிகர்கள் விசிலடிப்பார்கள்.

"வயசுக்குத் தக்க படம் பாத்தா என்ன?" என்பாள் மனைவி பானுப்ரியா.

"உனக்குப் புரியாது பானு. காலையில இருந்து நான் பாக்குறதெல்லாம் காயிதம். தெருவிளக்கு எரியுதுன்னு காயிதம் சொல்லும். குழாயில தண்ணி வருதுன்னு காயிதம் சொல்லும். இந்தப் படத்துல சாக்கு சாக்காவே தெரியும். இவன் ஏமாத்துறான்னு நமக்குத் தெரியும். நமக்குத் தெரியும்ங்கிறது அவனுக்கும் தெரியும். இந்த மரியாதையை எந்த ஆபீஸ்ல குடுத்தாய்ங்க?"

ரசிகராக இருந்ததில் அவர் இன்னொன்றும் கவனித்திருந்தார். ஜிப்பைக் கண்டுபிடித்தவன் அந்தச் சந்தோஷத்தில் வேறு எதையும் கண்டுபிடிக்க மாட்டான். அத்தனை கோடி மைல் தாண்டி வந்த அரக்கன் எதற்காகச் சிறுமலை வாழைப்பழத்தை மட்டும் தின்றுவிட்டுத் திரும்பிப் போகிறான் என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.

ஆய்வு நெருங்க நெருங்க அழகுராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. பொன்னழகு மட்டும் கலங்கவில்லை.

"ஒரு பூசணிக்காயில மீசை வெச்ச மூஞ்சி வரைஞ்சு முகப்புல தொங்க விட்டுருவோம் சார். வாரவன் கண்ணு மொத்தமும் அதுலயே பட்டுப் போகும். விரிசலுக்குன்னு மிச்சமிருக்காது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். பூசணிக்காயைக் கொண்டே ஒரு கட்டடத்தை மறைக்கலாம் என்று கண்டவர் பொன்னழகு. ஆனால் அரசுக் கட்டடத்தில் மதச் சின்னம் கூடாது என்பது, ஆயுத பூஜைக்குப் பொரிகடலை கொடுக்கிற எல்லா அலுவலகங்களுக்கும் நன்றாகத் தெரிந்த விதி. ஆகவே விஷயம் மன்றக் கூட்டத்துக்குப் போனது. பேரூராட்சித் தலைவர் ஜீவிதா தலைமை வகித்தார்.

"திருஷ்டிப் பூசணிக்கா வெச்சா எங்க தெருவுக்கு ஒரு மாதா சுரூபம் வெச்சே ஆகணும்" என்றார் வார்டு உறுப்பினர் ஆரோக்கியம்மாள்.

"அப்ப எங்க பக்கத்துக்கும் ஒன்னு வேணும்" என்றார் இன்னொரு வார்டின் மஹ்ஜபீன்.

"சரி, மூணையும் வெச்சுருவோம்" என்றார் ஜீவிதா.

"மூணையும் வெச்சா எது நடுவுல?"

இந்தக் கேள்விக்குப் பிறகு மூன்று பக்கமும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தன. அழகுராஜா மெதுவாக எழுந்தார். அவர் வாயிலிருந்து வந்த யோசனை அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"பூமியில இருக்கிற எதை வெச்சாலும் அது யாரோ ஒருத்தரைச் சேர்ந்ததாத்தான் இருக்கும். பூமியைச் சேராத ஒன்னை வெச்சா என்ன?"

எதிர்க்க யாருக்கும் வழியில்லை. வேற்றுக்கோளில் யாருக்கும் சொந்தக்காரர்கள் இல்லை. நிறத்தில்தான் நேரம் போனது. பச்சை என்றால் ஒருவர் எழுந்தார், காவி என்றால் ஒருவர், சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. கடைசியில் கத்திரிக்காய் நிறம் மட்டும் மிஞ்சியது.

"அது யாரோடதும் இல்லையே?" என்றார் ஜீவிதா.

"இன்னைக்கு வரைக்கும் இல்லைம்மா" என்றார் அழகுராஜா.

'மதம் சாராத, கட்சி சாராத, பூமி சாராத கண்காணிப்பு உருவம் ஒன்றினை நிறுவுதல்' என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அன்று சாயங்காலமே அழகுராஜா நாகல் நகருக்குப் போனார். பூட்டுக் கடை மாடியில் ரொனால்டின் ஸ்டுடியோ. அரசாங்க ஆர்டர் என்றதும் ரொனால்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"ஜமாய்ச்சிருவோம் சார்! இந்தத் தடவை ஃபைபர்ல பண்ணி, மேல ரப்பர் தோலு ஊத்தி, மூச்சு விடுற மாதிரி..."

"மூச்சு விடுறது ஏற்கனவே ஒன்னு இருக்கு. நீ சாக்குலயே செய்யி. படத்துல வந்த அதே டொரங்காதான் வேணும். உள்ள வைக்கோலைத் திணிச்சுக் குடு, போதும். ஜிப்பு நல்லாத் தெரியணும்."

ரொனால்டின் முகம் சுருங்கியது. "ஜிப்பு தப்பு சார். மறைக்கத் தெரியாம விட்டது."

"அந்தத் தப்புக்குத்தான் ரொனால்டு நான் ரசிகன்."

"இத்தனை வருசமா நான் எல்லாரையும் பயமுறுத்திக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன் சார்."

அழகுராஜாவுக்குப் பாவமாகப் போய்விட்டது. "ஒரு தடவை பயந்தேன்ப்பா" என்றார். "அந்த அண்டா மூடி கீழ விழுந்துச்சுல்ல, அப்ப."

வளாகத்துக்கு முன்னால் ஒரு முகப்பு வளைவு இருந்தது. அது வேறு நிதியில் வேறு ஒப்பந்ததாரர் கட்டியது என்பதால் உறுதியாக இருந்தது. அதன் உச்சியில் கத்திரிக்காய் நிற டொரங்கா, கைகளை விரித்து, முதுகை ஊர்ப்பக்கம் காட்டிக்கொண்டு நிறுவப்பட்டது. ஏறிப் பார்க்க வசதியாகப் பக்கத்திலேயே இரும்பு ஏணியும் வைக்கப்பட்டது. கட்டடத்துக்குக் கிடைக்காத ஏணி இதற்கு உடனே கிடைத்தது.

நாச்சிமுத்து ஜீப்பை விட்டு இறங்கினார். இறங்கியதும் அண்ணாந்தார்.

"ஏனுங்க, இது என்னதுங்க?"

"பூமி சாராத கண்காணிப்பு உருவம் சார். தீர்மானம் இருக்கு."

"எஸ்டிமேட்ல காணமேங்க."

அழகுராஜா தலையைக் குனிந்தார். நாச்சிமுத்து ஏணியில் விறுவிறுவென்று ஏறினார். மேலே போனவர் முகத்தில் திடீரென்று விளக்குப் போட்டாற்போல ஒரு பிரகாசம்.

"ஜிப்பு தெரியுதுங்க!"

"ஐயையோ, அப்படியா சார்?" என்றார் அழகுராஜா. அன்றைக்கு அவர் நடித்த நடிப்பை ரொனால்டு பார்த்திருந்தால் மச்சினனை மாற்றியிருப்பான்.

அதன் பிறகு நாச்சிமுத்து கீழே பார்க்கவே இல்லை. ஜிப்பை அளந்தார். கண்களை அளந்தார். "ஒரு கண்ணு சின்னதா இருக்குதுங்களே, எந்த விதிப்படிங்க?" என்றார். "வால் உண்டுங்களா?" என்றார். அப்போது கூரையிலிருந்து ஒரு கட்டி காரை பெயர்ந்து பொன்னழகுவின் காலருகே பொத்தென்று விழுந்தது. "ஆய்வு நடக்கறப்ப சத்தம் போடாதீங்க" என்று மேலிருந்து கண்டித்தார். பொன்னழகு கைகட்டி மன்னிப்புக் கேட்டார்.

ஆய்வறிக்கை பக்கம் பக்கமாக வந்தது. ஜிப் வெளிப்படையாகத் தெரிவது அரசின் மாட்சிமைக்கு இழுக்கு என்றும், கண்களிடையே சமத்துவம் பேணப்படவில்லை என்றும், வாலின் இருப்பு ஐயத்துக்கிடமானது என்றும் அதில் விரிவாகக் கண்டிக்கப்பட்டிருந்தது. கடைசி வரி: 'கட்டடம் நன்று.'

அழகுராஜா அன்றிரவு இரண்டு கை அதிகமாகச் சாப்பிட்டார்.

சுற்றுவட்டார அதிகாரிகளுக்கு மூக்கு நீளம். அந்த ஊரில் ஒரு கட்டடம் ஆய்வில் தேறிவிட்டது என்ற அதிசயச் செய்தி பரவியதும், எப்படி என்று நேரில் வந்து பார்த்தார்கள். ஒரு பள்ளிக்கூடம், ஒரு சுகாதார நிலையம், ஒரு தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றின் உச்சியிலும் டொரங்கா ஏறியது. மேலிடத்திலிருந்து சுற்றறிக்கையும் வந்துவிட்டது. 'ஜிப்பானது தொலைவிலிருந்து காணத்தக்கதாகவும், துருப்பிடிக்காத தரத்திலும் அமைதல் வேண்டும்' என்பது அதன் முக்கிய ஷரத்து. பிறகு தனியார் சும்மா இருப்பார்களா? புதுமனை புகுவிழாவில் டொரங்கா இல்லாவிட்டால் கௌரவக் குறைவு என்றாகிவிட்டது. சித்தையன்கோட்டைக் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் மேடையிலேயே ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். பெண் வீட்டார் முதலிரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும், மாப்பிள்ளையைப் பார்த்தபோது காலம் கடந்துவிட்டதாகவும் சொன்னார்கள்.

ரொனால்டுக்குப் படம் எடுக்க நேரமே இல்லாமல் போயிற்று.

இத்தனை கொண்டாட்டத்திலும் விரிசல் தன் வேலையை நிறுத்தவில்லை. அரசு வேலை பார்க்கிற இடத்தில் ஒழுங்காக வளர்ந்தது அது ஒன்றுதான். கூரையைக் கடந்து, தூணுக்கு வந்து, தூணில் கீழே இறங்க ஆரம்பித்தது. ஒரு சந்தை நாளில் பெருமாயி தன் கையை அதற்குள் விட்டு வெளியே எடுத்துக் காட்டினாள். அழகுராஜாவுக்கு அதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் போயிற்று. வேலை போனால் போகிறது, ஆள் போய்விட்டால்? கண்ணை மூடினால் பெருமாயியின் கத்திரிக்காய்க் கூடையும் அதன் மேல் ஒரு கூரையும்தான் தெரிந்தன. கோழையாக இருந்த மனுஷன்தான். ஆனால் கெட்டவர் இல்லை.

"பெருமாயிக்கா, வளாகத்தைப் பூட்டிப் பழுது பாக்கணும். டொரங்காவைக் கொஞ்ச நாள் கழட்டி வெச்சுருவோம்."

பெருமாயி பதறிப் போனாள். "அதைக் கழட்டிராதீகய்யா! அதைப் பாக்கத்தேன் ஊரு ஊரா வாராக. வந்தவுக டொரங்கா கத்திரிக்கான்னு எங்கிட்டத்தேன் அள்ளிட்டுப் போறாக. எம்புட்டு வருசங்கழிச்சு எனக்கு ஏவாரம் ஆகுது!"

"கூரை விழுந்துரும்க்கா."

"விழுகட்டும். தலைய ஒதுக்கி உக்காந்துக்கிறேன்."

அழகுராஜா மன்றத்தில் சொன்னார். சுற்றுலா வளர்ச்சியைக் கெடுக்கப் பார்ப்பதாக ஜீவிதா வருத்தப்பட்டார். அழகுராஜா மேலிடத்துக்கு எழுதினார். ஆய்வில் 'நன்று' என்று வந்த கட்டடத்தைப் பழுது என்பது ஆய்வை அவமதிப்பதாகும் என்று பதில் வந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் தானே சிவப்புப் பெயிண்டும் பிரஷ்ஷுமாகப் போய்த் தூணில் ஒரு பெரிய அம்புக்குறி போட்டு, 'அபாயம்! விரிசல்!' என்று எழுதினார்.

அடுத்த சந்தையில் அம்புக்குறிக்கு முன்னால் வரிசை நின்றது. அபாயத்துக்குப் பக்கத்தில் நின்று குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். டொரங்கா வானத்திலிருந்து குதித்த வேகத்தில் விழுந்த பிளவு இது என்று யாரோ கதை கட்டியிருந்தார்கள். ரொனால்டின் ரசிகர்களான கல்லூரிப் பையன்கள் மட்டும் அவ்வளவாக ஏற்கவில்லை.

"விரிசல் ஓவர்டா. நெசமான விரிசல் இப்பிடியா இருக்கும்?"

"ஆமாலே. அம்பு போட்டுக் காமிச்சாத்தேன் தெரியுங்கிற மாதிரிப் பண்ணியிருக்காய்ங்க."

அழகுராஜா தலையில் அடித்துக்கொண்டார்.

வளாகத்தின் ஆண்டு விழா வந்தது. சந்தை நாளாகப் பார்த்து வைத்திருந்தார்கள். பந்தல், ஒலிபெருக்கி, வீடியோ எடுக்க ரொனால்டு, சிறப்பு விருந்தினராகப் பதவி உயர்வு பெற்ற நாச்சிமுத்து. கூரைக்கடியில் நிற்க இடமில்லை. அழகுராஜா நாச்சிமுத்துவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தூணுக்குக் கூட்டிப் போனார்.

"சார், இது நிஜ விரிசல். அன்னைக்கு நான் உங்களை ஏமாத்துனேன். என்னைச் சஸ்பெண்ட் பண்ணுங்க. ஆனா இப்பவே எல்லாரையும் வெளிய அனுப்பச் சொல்லுங்க."

நாச்சிமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "நல்லாத்தானுங்க பண்ணியிருக்கீங்க. ஆனா பொய்யின்னு தெரிஞ்சுருதுங்க."

"கையை உள்ள விட்டுப் பாருங்க சார்!"

விட்டுப் பார்த்தார். அவர் புருவம் உயர்ந்தது. "அடடா, ஆழமெல்லாம் குடுத்திருக்கீங்களே!"

அப்போது தூணுக்குள் மொறுக் என்று ஒரு சத்தம் கேட்டது. முறுக்கு கடிக்கிற சத்தம்தான், ஆனால் கடித்தது கட்டடம். அழகுராஜா ஓடிப்போய் ஒலிபெருக்கியைப் பிடுங்கினார்.

"எல்லாரும் வெளிய போங்க! கட்டடம் விழப்போகுது! சத்தியமாச் சொல்றேன், விழப்போகுது!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. கூரைக்கு அதுவும் ஒரு அடி. "சார் பிச்சு உதறுறாரு" என்றான் ஒருவன். நாச்சிமுத்துவும் கைதட்டினார். ஜீவிதா மேடையிலிருந்து, அடுத்து சிறப்பு விருந்தினர் பேசுவார் என்றார். ஒருவரும் நகரவில்லை.

அழகுராஜா ஒலிபெருக்கியைக் கீழே போட்டார். இந்த ஜனங்களுக்கு உண்மையைச் சொல்லிப் பயனில்லை. முகப்பு வளைவை நோக்கி ஓடினார். ஏணியில் ஏறினார். டொரங்காவின் ஜிப்பை இழுத்து, வைக்கோலை வாரி வாரிக் கீழே எறிந்தார். அரசுச் சட்டையோடு சாக்குக்குள் புகுந்தார். உள்ளே ஒரே நெடி, மூச்சு முட்டியது. டிபன் பாக்ஸ் மூடிகளுக்கு நடுவில் இருந்த ஓட்டை வழியாகச் சந்தை தெரிந்தது. சைக்கிள் டியூப் கைகளை ஆட்டினார். டொரங்கா எப்படிக் கத்தும் என்று அவசரத்தில் நினைவு வரவில்லை. வாய்க்கு வந்ததைக் கத்தினார்.

"ஏலேய்ய்! வெளிய வாங்கடா எல்லாரும்!"

"டொரங்கா அசையுதுடோய்!" என்று வெளியே நின்ற ஒரு பையன் கத்தினான்.

"தமிழ் பேசுதுடி!"

கூரைக்கடியில் நின்றால் வளைவின் உச்சி தெரியாது. அதனால் முண்டியடித்துக்கொண்டு மொத்தக் கூட்டமும் வெளியே பாய்ந்தது. பந்தல் காலியானது, மேடை காலியானது. நாச்சிமுத்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டே ஓடிவந்தார், நல்ல இடமாகப் பார்த்துப் போட. பெருமாயி ஒருத்திதான் உள்ளே மிச்சம். கூடையை விட்டு வர மனசில்லாமல் கத்திரிக்காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தூண் மறுபடி முனகியது. அழகுராஜாவுக்கு உயிரே போய்விட்டது.

"அகரத்து பெருமாயிக்கா! உன்னையத்தேன்! கூடையப் போட்டுட்டு வெளிய வாக்கா!"

வேற்றுக்கோளிலிருந்து வந்த ஒன்றுக்குத் தன் பெயரும் ஊரும் தெரிந்திருப்பதைக் கேட்ட பெருமாயிக்கு மெய்சிலிர்த்துவிட்டது. கண்ணீர் வழிய, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பியபடி வெளியே வந்தாள். அவள் காலை வெளியே வைத்ததும் கூரை இறங்கியது. ஒரு பெரும் சத்தம், அப்புறம் புழுதி. செத்த நேரத்துக்கு எதுவும் தெரியவில்லை.

புழுதி அடங்கியபோது வளைவு மட்டும் நின்றது. அதன் உச்சியில் சாக்குக்குள் இருந்தபடி அழகுராஜா அழுதுகொண்டிருந்தார். கீழே யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பிறகு விசில் கிளம்பியது, கைதட்டல் கிளம்பியது. "செம எஃபெக்ட்டு!" என்று ஒருவன் கத்தினான். நாச்சிமுத்து எழுந்து நின்றே தட்டினார்.

விசாரணைக் குழு மறுநாளே அமைக்கப்பட்டது. அழகுராஜா பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அரசு ஊழியர் முன் அனுமதியின்றித் திரைப்பட வேடம் தரித்தது, கண்காணிப்பு உருவத்தின் வைக்கோலைச் சேதப்படுத்தியது, பொது இடத்தில் பொதுமக்களை 'ஏலே' என விளித்தது ஆகியவை குற்றங்கள். கட்டடம் பற்றியும் ஒரு வரி இருந்தது: மேற்படியார் எழுப்பிய கூச்சலின் அதிர்வால், நல்ல நிலையில் இருந்த கட்டடம் பாதிப்புக்குள்ளானது. நாச்சிமுத்து கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஊர் மக்களும் சும்மா இருக்கவில்லை. பெருமாயி தலைமையில் சாலை மறியல் நடந்தது. பேருந்துகள் நின்றன, போலீஸ் வந்தது, பேச்சுவார்த்தை நடந்தது. சாக்கு கிழிந்துபோன டொரங்காவை உடனே சரிசெய்து பழைய இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஜீவிதா எழுத்துமூலம் உறுதி கொடுத்த பிறகே கலைந்தார்கள். அப்புறம் வழக்கம்போல வெயிலில் சாக்கை விரித்துக் கடை போட்டார்கள். புதிய வளாகம் கட்டுகிற பணி, முன் அனுபவத்தைக் கருத்தில் கொண்டு, பொன்னழகுவிடமே ஒப்படைக்கப்பட்டது. இந்தத் தடவை அவர் நான்கு மூலைக்கும் நான்கு டொரங்கா கேட்டிருக்கிறார். அப்படியானால் கட்டடத்தின் லட்சணத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ரொனால்டு அன்று எடுத்த வீடியோவைத் தலைப்பு வைத்து இணையத்தில் ஏற்றினான். அவன் வாழ்நாளில் அதுபோல ஒரு படம் ஓடியதில்லை. வேலையில்லாமல் வீட்டில் இருந்த அழகுராஜா, பட்டப்பகலில், கோப்பு மறைவு ஏதும் இல்லாமல், முதல்முறையாகச் சுதந்திரமாக உட்கார்ந்து அதைப் பார்த்தார். பக்கத்தில் பானுப்ரியாவும் உட்கார்ந்து பார்த்தாள். பெருமாயி கைகூப்பி வெளியே வருகிற இடத்தில் அவள் கண் கலங்கியது. கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கீழே முதல் கருத்து இப்படி இருந்தது: 'டொரங்கா நடிப்பு வேற லெவல். கட்டடம் விழுற சீன்தான் சுத்தமா நம்புற மாதிரி இல்ல. அட்டையில செஞ்சதுன்னு அப்பட்டமாத் தெரியுது.'

அதற்குப் பல்லாயிரம் பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் முக்கால்வாசிப் பேர் அதில் இருந்தார்கள். அழகுராஜாவுக்குப் பொறுக்கவில்லை. செல்போனை எடுத்து, எழுத்து எழுத்தாக அழுத்திப் பதில் போட்டார்: 'ஐயா, அது நிஜக் கட்டடம். நிஜமாகவே விழுந்தது. சாக்குக்குள் இருந்தது நான்தான்.'

சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. அவற்றுக்கு நடுவே ஒருவன் எழுதியிருந்தான்: 'ஆமா ப்ரோ. நான்தான் அந்தக் கட்டடம்.'

அந்தப் பதிலுக்கு விழுந்த முதல் விருப்பம், பேரூராட்சி அலுவலகத்தின் அதிகாரப்பூர்வப் பக்கத்திலிருந்து வந்திருந்தது.